கவசம் வந்திருக்கிறார்

உட்காருவதற்கு முன் மௌஸைக் கைக்குட்டையால் துடைக்கிறார். பிறகு விசைப்பலகையை. பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், அதே கைக்குட்டையால் மூக்கை. "வைரஸ் எந்த வழியா வரும்னு சொல்ல முடியாது சிஸ்டர்" என்கிறார் என் அக்காவிடம்.

தெருவில் அவருக்குக் கவசம் என்று பெயர். யார் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் திரையின் மூலையில் ஒரு ஆன்டிவைரஸைக் குடியேற்றாமல் எழுந்திருக்க மாட்டார். போன மாதம் எங்கள் வீட்டில் இரண்டைக் குடியேற்றினார். ஒன்று போதாதா என்றதற்கு, "ஒண்ணு அசந்தா இன்னொண்ணு பாத்துக்கும்" என்றார். அன்றிலிருந்து இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று நம்பிக்கொண்டு, பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்த சம்பந்திகள்போல் முறைத்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் கம்ப்யூட்டர் பெருமூச்சு விடுகிறது.

பாதுகாப்பு அளவைக் காட்டும் கோட்டில் அவருக்குப் பச்சையில் நம்பிக்கை கிடையாது. மஞ்சள் கோழைகளின் நிறம். எதைத் திறந்தாலும் பாதுகாப்பைச் சிவப்பின் உச்சிக்குத் தள்ளிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அந்த உச்சியில் பிரவுசர் எதையும் திறப்பதில்லை. வரும் பக்கங்களையெல்லாம் ஆன்டிவைரஸ் வழியில் மறித்துப் பிரித்துப் பார்த்து, தன் முத்திரையைக் குத்தி அனுப்புகிறது. அந்த முத்திரை போலி என்கிறது பிரவுசர். மழை வருமா என்று பார்க்கப் போனாலும், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று திரை அலறுகிறது. மனிதருக்கு அதில் பரம திருப்தி. "பாத்தீங்களா, வெளிய எவ்ளோ ஆபத்து!"

இன்று அக்காவுக்கு அந்தத் திருப்தியில் பங்கில்லை. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர் வேலை அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். மெயில் வரும், சம்மதம் எழுதுங்கள் என்றார்கள். வரவேயில்லை. காலையில் கூப்பிட்டுக் கேட்டால், "எப்பவோ அனுப்பிட்டோமே! சாயங்காலத்துக்குள்ள பதில் வரலன்னா அடுத்த ஆளப் பாத்துருவோம்" என்கிறார்கள். வாயால் சொன்னால் செல்லாதாம், எழுத்தில் வேண்டுமாம். அக்காவிடம் இருப்பதோ பேச மட்டும் தெரிந்த பொத்தான் போன்.

"எதத் தொட்டீங்க?" கவசத்தின் முதல் கேள்வி எப்போதும் இதுதான்.

"நீங்க போன பிறகு தொடவே இல்லண்ணா. தொட்டா கத்துது."

"தொடாம எப்படிக் கெடும்?"

"அதத்தான் நானும் ஒரு மாசமா யோசிக்கிறேன்."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். திரையில் ஓடும் கடிகாரத்தைத் திருத்தினார். கடைசியில் தாடையைத் தடவிக்கொண்டு, "மூணாவதா ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?" என்றார்.

"போட்டீங்கன்னா கம்ப்யூட்டரோட சேத்து உங்களையும் வாசல்ல வெச்சிடுவேன்" என்றாள் அக்கா. "அந்த ஓரத்துல தடுத்து வைத்தவைன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"அதெல்லாம் குத்தவாளிங்க சிஸ்டர். திறக்கக் கூடாது."

"திறங்க."

உள்ளே மின்கட்டண ரசீது கிடந்தது. சித்தி மகள் அனுப்பிய குழந்தைப் படங்கள் கிடந்தன. அவற்றுக்கு அடியில், மருத்துவமனையின் கடிதம். கவசம் ஒரு கணம் திகைத்தார், ஒரு கணம்தான். "பாத்தீங்களா! எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கேன்!"

அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். சம்மதம் என்று இரண்டு வரி தட்டி அனுப்பினாள். போகவில்லை. வெளியே போகும் கடிதத்தையும் இரண்டு காவலர்களும் மாறி மாறி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க, நல்லா சோதிச்சிட்டு அனுப்பும்."

"அது சோதிச்சது போதும். நகருங்க." மௌஸைப் பிடுங்கி, சிவப்பை உச்சியிலிருந்து அடிமட்டத்துக்கு இழுத்தாள். முதலில் ஒன்றை, பிறகு மற்றதை. ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைபோல அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். கடிதம் போயிற்று. திங்கட்கிழமை வாருங்கள் என்று பதிலும் வந்தது. அக்கா நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கவசம் கிளம்பவில்லை. நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார், வாசலை ஒருமுறை பார்த்தார்.

"சிஸ்டர்... இறக்கினது இறக்கினபடியே இருக்கட்டும். என் மெயிலயும் ஒரு தடவ பாத்துக்கவா? என் வீட்ல அது ரொம்ப நாளா திறக்க மாட்டேங்குது."

அக்கா எழுந்து நாற்காலியை விட்டாள். அவர் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடிதமாக, உதடு அசையப் படித்தார். முடித்ததும் மௌஸைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு அதே மௌஸைப் பிடித்து, சிவப்பை மெதுவாக, உச்சிவரை தள்ளிவிட்டு எழுந்தார்.