பூஜ்யத்தை நம்பாத ஜெபமணி

ஜெபமணி இறந்த செய்தி வாட்ஸப் குழுவில் வந்ததும், கைகூப்பிய படத்தை முதலில் போட்டவர் எங்கள் பழைய மேலாளர். அவரோடு ஜெபமணிக்கு நடந்ததைக் குழுவில் மற்றவர்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

இராஜபாளையத்துப் பேண்டேஜ் ஆலையில் ஜெபமணி தரப் பரிசோதகர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பெண்மணி. பேண்டேஜ் பெட்டிகளை நீராவியில் கிருமி நீக்கியதும், வெப்பப் பதிவைச் சரிபார்க்க நான் கணினியில் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். முடிவில் அது ஓர் எண் தரும். பூஜ்யம் என்றால் சரி. வேறு எண் என்றால் கோளாறு. லேபிள் இயந்திரம் அந்த எண்ணை மட்டுமே பார்க்கும்.

ஒரு மதியம் ஜெபமணி போன் செய்தார். "சார், திரையில கோளாறுன்னு எழுதுது. லேபிள் மட்டும் 'கிருமி நீக்கியது'ன்னு ஜம்முனு வருது. நான் எதை நம்ப?"

"தப்பா அழுத்தியிருப்பீங்க" என்றேன்.

"அப்ப நீங்களே வந்து அழுத்துங்க" என்று வைத்துவிட்டார்.

தவறு என்னுடையது. கோளாறு இருந்தாலும், அதைத் திரையில் எழுதி முடித்ததையே வெற்றியாகக் கொண்டு, நிரல் எப்போதும் பூஜ்யம் தந்தது. அதுவரை அவர்தான் லேபிளை நம்பாமல், திரையைப் பார்த்துப் பெட்டிகளை ஒதுக்கியிருக்கிறார். கூட்டத்தில் இதை அவர் எல்லோர் முன்பும் சொன்னதற்காக இரண்டு வாரம் அவரோடு நான் பேசவில்லை. ஆனால் திருத்தினேன்.

திருத்திய முதல் நாளே நிரல் 'ஒன்று' என்றது. லேபிள் நின்றது, லாரியும் நின்றது. மேலாளர் இறங்கி வந்தார். "பழையபடி பூஜ்யம் வர்ற மாதிரி மாத்துங்க. இல்லன்னா நாளைக்கு வராதீங்க" என்றார் என்னிடம்.

ஜெபமணி லேபிள் சுருளைக் கழற்றித் தன் சோற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, லாரி எம்புட்டு நேரம் நிக்கும்?" என்றார் மேலாளர்.

"துணி வேகுற வரைக்கும் நிக்கும் சார்."

ஒரு பெட்டியைப் பிரித்தார். நீராவி பட்டால் கறுக்க வேண்டிய அடையாளத் தாள் உள்ளே வெளுப்பாகவே கிடந்தது. "இதை உங்க வீட்டுப் புள்ள புண்ணுல வைப்பீகளா?"

மேலாளர் மாடியேறிவிட்டார். சுமை ஏற்றுபவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். என் வேலை தப்பியது. அந்த ஆலையில் நான் கண்ட முழு வெற்றி அது ஒன்றுதான்.

ஆண்டு விழாவில், கெட்ட பெட்டிகளைத் தடுத்ததற்கான சால்வை மேலாளருக்குப் போனது. நான் பொருமினேன். "அவியளுக்குக் குளிருது போல, போத்தட்டும். செத்த சும்மா இருங்க சார்" என்றார் ஜெபமணி.

"நல்ல பதிவைக் கொடுத்துப் பாக்குறது சோதனையா? கெட்டதைக் கொடுங்க. வேண்டாங்குதான்னு பாருங்க" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான். இப்போது வேறோர் ஆலையில் வேலை. தினமும் முதலில் நிரலுக்கு ஒரு கெட்ட பதிவைக் கொடுக்கிறேன். செய்தியைப் படித்த இன்று காலையும் கொடுத்தேன். 'ஒன்று' என்றது நிரல். ஒரு லேபிள்கூட வெளியே வரவில்லை.