பார்க்காமல் விட்ட பிரஷர்

மேலிருந்து சுட வரும் ஆமி ஹெலிகொப்டரின், அதுதான் ஹெலியின், சத்தம் கேட்டதும் நான் முதலில் செய்வது மேசைக்குக் கீழே போவது. நோயாளரைக் காப்பாற்றுவது பற்றித் தாதியர் படிப்பில் நிறையச் சொல்லித் தந்தார்கள். மேசைக்குக் கீழே போவதை நானாகத்தான் பழகிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த தொண்ணூற்றொன்றில் எங்கள் நடமாடும் கிளினிக்கில் டொக்டர் கிடையாது. ஆண் தாதியான நான், சாரதி சின்னத்துரை அண்ணை, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஒரு வான். அவ்வளவுதான். புதன்கிழமைகளில் கோப்பாயில் ஒரு முகாம். காங்கேசன்துறைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த கடற்றொழில் சனம். வெயிலில் நிற்க ஏலாதென்று தங்களுக்குப் பதிலாக மருந்துப் போத்தல்களை வரிசையில் வைத்துவிட்டு மரநிழலில் இருப்பார்கள். போத்தலின் முறை வந்ததும் ஆள் எழும்பி வரும். எழும்ப ஏலாதவருக்காக வீட்டார் வந்து சொன்னால், நான் அவர் படுத்திருக்கும் ஓலைக் கொட்டிலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இது நானே போட்ட ஒழுங்கு.

அன்றைக்குப் பத்து மணிபோல ஹெலி வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. நான் மேசைக்குக் கீழே.

"ஐயா, அது போயிட்டுது. வெளியிலை வாங்கோ. ஒளிச்சும் என்ன, உங்கடை கால் ரெண்டும் வெளியிலைதானே கிடக்குது" என்றார் ஒருவர். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கால்மணி நேரம் ஆகவில்லை, மறுபடி அதே சத்தம். நெருங்கி வருவது போலிருந்தது. "அண்ணை, வானை ஸ்ராட் பண்ணுங்கோ!" என்று கத்தினேன். மிச்சப் போத்தல்களுக்குள் மருந்தை ஊற்றினேன். பாதி நிலத்துக்குப் போனது.

மரியம்மா என்ற பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, என்ரை தம்பியின்ரை மனுசிக்கு ரெண்டு நாளாய்த் தலையிடி. கண்ணும் மங்குதாம். காலும் முகமும் வீங்கிப்போச்சு. ஏழு மாசம். உந்தக் கொட்டிலுக்கைதான் கிடக்கிறாள், ஒருக்கா வந்து பாருங்கோவன்."

கொட்டிலுக்கு ஐம்பது அடி இருக்கும். கர்ப்பிணிக்குத் தலையிடியும் வீக்கமும் என்றால், வலிப்பு வரக்கூடுமென்று முதலாம் வருட மாணவிகூட உடனே பிரஷர் பார்ப்பாள். எனக்கும் தெரியும். பிரஷர் பார்க்கும் கருவி என் கக்கத்தில்தான் இருந்தது. ஓடுகிற அவசரத்திலும் அதை மட்டும் பத்திரமாக எடுத்திருந்தேன்.

"தலையிடிக்குப் பனடோல் தாறன். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ. வாற புதன் பாப்பம்."

"வாற புதனோ ஐயா?"

நான் வானில் ஏறினேன்.

சந்தி தாண்டியதும் சின்னத்துரை அண்ணை வேகத்தைக் குறைத்தார். "தம்பி, உது ஹெலி இல்லை. உங்கை பார், வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற மிசின்."

தோட்டத்துக் கிணற்றடியில் மிசின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"திருப்புவமோ?" என்று கேட்டார்.

திரும்பிப் போனால் சனம் இன்னொரு தரம் சிரிக்கும். "வேண்டாம் அண்ணை, அடுத்த இடத்துக்கு நேரம் போகுது" என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் தாதியர் விடுதியில் அந்த மிசின் கதையை நானே நடித்துக் காட்டினேன். நல்ல சிரிப்பு. மரியம்மா வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த புதன் மரநிழலில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இடையில் வந்த வெள்ளிக்கிழமை அந்தக் கர்ப்பிணிக்கு வலிப்பு வந்திருக்கிறது. மாட்டு வண்டிலில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவள் தப்பிவிட்டாள். பிள்ளை தப்பவில்லை.

மரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு: "அண்டைக்கு ஹெலியெண்டு நினைச்சு..."

"மிசின் எண்டு எங்களுக்கு அப்பவே தெரியும் ஐயா" என்றாள் அவள். "சொல்லத்தான் பின்னாலை ஓடி வந்தனான். வான் நிக்கேல்லை."

அதன் பிறகு எந்த முகாமுக்குப் போனாலும், மேசையை விரிக்கமுன் கொட்டில்களில் படுத்திருப்பவர்களிடம் போனேன். பயம் ஒன்றும் குறையவில்லை. கருவியைக் கட்டும்போதும் என் காது வானத்தில்தான் இருக்கும். இதை வாசிக்கும் இளம் தாதியருக்குத் தைரியமாக இருங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பயந்தபடியே போய்ப் பாருங்கள். பிரஷர் பார்க்க இரண்டு நிமிடம்தான் செல்லும்.