பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்

சரஸ்வதிபுரத்து மாடி வீட்டின் முன்னறையில், காலை பதினொன்றே கால் மணிக்கு ரங்கம்மாவின் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது. திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு வாசகம்: 'இன்றைய நேரம் முடிந்தது. இன்னும் நேரம் வேண்டுமானால் பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்.'

ரங்கம்மாவுக்கு வயது அறுபத்தேழு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். வாசகம் மாறவில்லை.

அந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு பட்டியல் மாட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பரீட்சை. பார்வையற்ற மாணவர்கள் முப்பத்தெட்டு பேர். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு முப்பத்தெட்டு பேர். யாருக்கு யார், எந்தக் கல்லூரி, எந்த அறை. ஆறு வருடமாக இந்த வேலையை ரங்கம்மாதான் சம்பளமில்லாமல் பார்த்துவந்தாள். மதியம் ஒரு மணிக்குள் பட்டியல் பரீட்சை அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் எழுத வருபவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே ஒரு பிள்ளை வெறும் தாளைத் தடவிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும்.

பெங்களூரிலிருந்த மகன் வேதாந்துக்குப் போன் போட்டாள்.

"அம்மா, மீட்டிங்ல இருக்கேன்."

"என் கம்ப்யூட்டரை என்னடா பண்ணினே?"

"ஞாயித்துக்கிழமை வந்தப்போ ஒரு சேஃப்டி செட்டிங் போட்டேம்மா. ஜெயலக்ஷ்மிபுரத்து மாமாவை மோசடிக்காரா போன்ல மிரட்டியே பணம் எல்லாத்தையும் கறந்துட்டாளே, மறந்துட்டியா? வயசானவாளைத்தான் குறி வெக்கறா. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் உனக்குத் தாராளம். கண்ணுக்கும் நல்லது."

"இது வயசானவாளுக்குப் போடற பூட்டில்லைடா. குழந்தைகளுக்குப் போடறது. பெத்தவாகிட்ட கேளுங்கறது. என்னைப் பெத்தவா ரெண்டு பேரோட அஸ்தியையும் ஸ்ரீரங்கபட்டணத்துல கரைச்சாச்சு. யாரைப் போய்க் கேக்கட்டும்?"

வேதாந்த் சிரித்தான். "அது சும்மா பேருக்கும்மா. சாயந்தரம் பாக்கறேன்."

அந்தச் சிரிப்புதான் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் அப்டேட் பண்ணித் தருகிறேன் என்று உட்கார்ந்ததும், இவள் அவனுக்குக் காபி கலந்து கொண்டுபோய் வைத்ததும் நினைவுக்கு வந்து இன்னும் சுட்டது. அந்தக் காபியைக் குடித்துக்கொண்டேதான் பூட்டியிருக்கிறான்.

எண்பத்தாறில், அவள் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, மூத்தவர்கள் எல்லாரும் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவள் ரங்கம்மா ஒருத்திதான். "பத்துப் பேர் சோத்துல மண்ணைப் போட ஒருத்தி கிளம்பிட்டா" என்று ஹெட் கிளார்க் கேசவமூர்த்தி அவள் காதுபடவே சொன்னார். நாலு மாதம் அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. மாடிப்படியில் தனியாக மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு, செருப்பை வெளியே கழற்றிவைத்து, அந்தக் குளிர்ந்த கம்ப்யூட்டர் அறைக்குள் போவாள். பின்னால் வேதாந்தை வயிற்றில் சுமந்ததும் அதே அறையில்தான். பேச்சுக் கேட்பதற்கு முன்பே கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை.

அன்றைக்கு, உனக்கெதுக்கு இது என்று கேட்டவர்கள் மூத்தவர்கள். இன்றைக்குக் கேட்பது வயிற்றில் பிறந்தவன். இடையில் அவள் செய்த வேலையை யார் விழுங்கினார்கள்?

அந்த அறையில் ஒரு விதி இருந்தது. அன்றாடப் பதிவுகளைச் சாயங்காலம் இன்னொரு டேப்பில் நகல் எடுக்க வேண்டும். நகல் அதே கட்டிடத்தில் இருக்கக் கூடாது. டேப்பைத் துணிப்பையில் போட்டு, சிட்டி பஸ் பிடித்து, ஊரின் மறுகோடியிலிருந்த கிளையில் ஒப்படைத்த பிறகே வீட்டுக்குப் போவாள். ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. இரண்டு பென்டிரைவ், சிவப்பும் நீலமும். ஒன்று தன்னிடம், மற்றது எதிர்வீட்டு நாச்சம்மாளிடம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் மாற்றிக்கொள்வார்கள். வேதாந்த் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான்.

ரங்கம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, வெளக்கு வெக்கற நேரம் ஆவலீங்களே?" என்றாள் எல்லையோர ராமாபுரத்துக்காரியான நாச்சம்மாள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து சிவப்பை எடுத்துவந்தாள். "மூஞ்சி ஏனுங்க இப்பிடிக் கடுகடுங்குது?"

"என் பிள்ளை என்னைப் பாப்பாவாக்கிட்டான்."

"அட, நம்மூட்லயும் அதேதானுங்க. எம்பையன் சந்துரு எம்போனைப் புடுங்கி, யாரு கூப்பிட்டாங்கன்னு பாக்கறான். கேட்டா, உனக்கொண்ணுந் தெரியாதும்மாங்கறான். அவனுக்குப் பல்லு வெளக்கிவுட்டது நானுங்க!"

தெருமுனையிலிருந்த ஜெராக்ஸ் கடையில் ரங்கம்மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நான் பண்ணிக் கொடுக்கட்டுமா ஆன்ட்டி என்று கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார். "பேடப்பா" என்று மறுத்தாள், திரும்பாமலே. அதற்குமேல் பேசியிருந்தால் பாவம், அவர் மேல் கொட்டியிருப்பாள். நேற்றைய பட்டியல்தான் சிவப்புப் பென்டிரைவில் இருந்தது. வர முடியாது என்று இன்று காலை சொல்லியிருந்த இருவரை நீக்கி, வேறு இருவரை ஞாபகத்திலிருந்தே சேர்த்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு மெயில் போயிற்று. கிடைத்தது என்று ஒற்றை வரி பதில் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. கடையில் இன்னொரு பென்டிரைவில் இறக்கி வந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செருகி, கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கு வேதாந்த் கூப்பிட்டான். "அம்மா, அப்ரூவ் பண்ணிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும்."

"வேண்டாம். ஃபார்மட் பண்ணிட்டேன்."

"அய்யோ! எல்லாம் போயிருக்குமேம்மா!"

"உன் பூட்டுதான் போயிருக்கு. மத்ததெல்லாம் நாச்சம்மா பீரோவுல பத்திரமா இருந்தது."

"கோவமாம்மா?"

"கோவந்தான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியோ? திருடன் வருவான்னு சொல்லிட்டு நீயே வந்து என் கதவைப் பூட்டிண்டு போயிட்டே."

"சரிம்மா, தப்புதான். பாஸ்வேர்டை மட்டும் எனக்கும் சொல்லிவை. நாளைக்கு ஒரு அவசரம்னா…"

திரையில் பெயர் கேட்டது. ரங்கம்மா தன் பெயரை நிதானமாகத் தட்டினாள். அடுத்த கட்டத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி நாலாக மடித்தாள்.

"அவசரம்னா நாச்சம்மாகிட்ட கேளு" என்றாள். "அவ என்னைக் கேட்டுண்டு குடுப்பா."