முருங்கைக்காய்ப் பையில் வந்த மாத்திரை

அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வாசலில் பந்தல் போட்டு ஏலம் நடக்கும். பூசணி, வாழைத்தார், கோழி, கேக் என்று அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்ததைப் பாடகர் குழு அண்ணன் ஒருவர் தூக்கிப் பிடித்து, மைக்கில் விலை கேட்பார். போன வருஷம் என் மஞ்சள் பையைத் தூக்கினார். உள்ளே கையை விட்டு முருங்கைக்காய்க் கட்டை உருவினார். கூடவே என் மாத்திரை அட்டையும் வந்தது.

நான் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டிய மாத்திரை அது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அட்டையில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறதோ, யார் படித்துவிடுவார்களோ என்று எப்போதும் பயம். பைபிள் வைத்திருந்த பையில் போட்டால் தெரியும், பர்ஸில் வைத்தால் விழும் என்று காலையில் மாற்றி மாற்றி வைத்ததில், கடைசியாகக் காணிக்கைப் பையில் விட்டிருக்கிறேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. நஞ்சன்கூட்டில் இருந்தபோது காதில் யாரோ பேசுகிற மாதிரி கேட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தேன். அங்கே ஜெபக்கூட்டத்தில் உள்ளதைச் சொன்னேன். தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் சமையலுக்குக் காய் நறுக்க உட்கார்ந்தபோது, ஒரு அக்கா என் கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டார். "நீ சும்மா உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்."

மைசூருக்கு வந்தபிறகு இந்தச் சபையில் யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. இதுவும் போனால் எனக்குப் போக வேறு இடமில்லை.

"என்னப்பா இது, முருங்கைக்காய்க்கு மாத்திரை ஃப்ரீயா?" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். மெடிக்கல் ஷாப் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அட்டையை வாங்கிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது மூளை சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சே."

சிரிப்பு நின்றுவிட்டது.

கோழிக் கூடைப் பக்கத்திலிருந்து போதகரின் மனைவி எழுந்தார். "என் மூளைக்கு என்ன குறை அங்கிள்? பல வருஷமா நானும் அதைத்தான் சாப்பிடறேன்."

போதகர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனா இது என்னுது இல்ல. என்னுது வீட்ல இருக்கு. யாருதோ, அவங்களுக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேணுமில்ல? வந்து வாங்கிக்கட்டும்."

ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற, யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக நிற்கிற அந்த அம்மாவா? அந்த அதிர்ச்சியில் என் பயமே மறந்துபோயிற்று. எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கையை நீட்டினேன். பெரியவர் என் விரல் படாமல் அட்டையைக் கையில் போட்டார். மனசு சுருக்கென்றது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சரி சரி, முருங்கைக்காய்! பேக பேக, சீக்கிரம் கேளுங்க, பிரியாணி ஆறுது!"

பின்பக்கம் போய் அழுதுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நடந்தேன். அங்கே அடுப்படியில் சமையலைக் கவனிக்கிற அக்கா நின்றிருந்தார். மைக்கில் எல்லாம் அவருக்கும் கேட்டிருக்கும். என்னையும் என் கையிலிருந்த அட்டையையும் பார்த்தார். கத்தியை நீட்டினார்.

"எங்கடி போன? ராய்த்தாவுக்கு வெங்காயம் யாரு அரியறது, உன் மாமனாரா?"

நான் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன், மொண்ணையா இருக்கா?"

"இல்லக்கா."

கத்தியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வெட்டித் தள்ளினேன். அவர் எட்டிப் பார்த்தார். "இது ராய்த்தாவுக்கா, சாம்பாருக்கா? கண்ணைத் தொறந்து அரிடி!" என்று எல்லார் முன்னாலும் திட்டினார்.

கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை.