நடுப்பாதைக்குக் காப்புக் கட்டிய மச்சான்

போன மாதம் ஒரு சாயங்காலம். ஈப்போவில் ஒரு குகைக் கோயில். என் மச்சானுக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து, நான் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டேன்.

வந்தது அருள் இல்லை. சுகர் இறங்கியிருக்கிறது.

இதை எழுதலாமா என்று மச்சானிடமே கேட்டேன். "எழுதுங்க மச்சான், பேர மட்டும் மாத்திடுங்க லா" என்றார். மாற்றிவிட்டேன். இங்கே அவர் பெயர் கணேசன். என் மனைவியின் அண்ணன். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். சுங்கை சிப்புட் பக்கம் குடியிருக்கிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிய எஸ்டேட் இருந்த இடத்தில்தான் இப்போது அவர் குடியிருக்கும் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, இருக்கிறது. ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. வரிசை வீடுகள், வாசலுக்கு வாசல் கார்கள்.

கணேசன் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஒரு சிக்கல். 'கொஞ்சம்' என்ற சொல் அவருக்குப் பழக்கமே கிடையாது.

கடையில் உட்கார்ந்தால், தே தாரேக் என்ற பால் டீயில் கெட்டிப்பால் கூடுதலாக ஊற்றச் சொல்வார். இல்லையென்றால் சர்க்கரையே இல்லாத 'தே ஓ கோசோங்'. நம்மில் பாதிப் பேர் கேட்கும் 'குராங் மானிஸ்', அதாவது இனிப்பு கொஞ்சம் குறைவாக, அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. பூப்பந்து விளையாட ஆரம்பித்தார் என்றால் தோள்பட்டை பிசகும்வரை விளையாடுவார். பிறகு மட்டையைத் தொடவே மாட்டார்.

தைப்பூசம் வந்தால் கேட்கவே வேண்டாம். கோயிலில் சொல்வதைவிட அதிக நாள் விரதம் இருப்பார். தரையில் படுக்கை. காலில் செருப்பு கிடையாது. ஒரே வேளைச் சாப்பாடு. காவடியை இறக்கிய மறுநாள்? கூட்டாளிகளோடு ஆட்டுக்கறியும் பீரும். இத்தனை நாள் விட்டதையெல்லாம் ஒரே வாரத்தில் பிடித்துவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு சுகர் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே, சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள், இனிப்பைக் கொஞ்சம் குறையுங்கள், கொஞ்சம் நடங்கள் என்றாராம். பாவம், அந்த டாக்டருக்கு ஆளைத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் கணேசனுடன் வேலை செய்யும் ஒரு சீன நண்பர் அவரை அந்தக் குகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே காம்பாரைச் சேர்ந்த ஒரு இளம் பிக்கு வாராவாரம் தியானம் சொல்லிக்கொடுக்கிறார். அன்றைக்கு அவர் புத்தரின் நடுப்பாதையைப் பற்றிப் பேசியிருக்கிறார். போகத்திலும் மூழ்காதே, உடம்பையும் வதைக்காதே, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று.

வெளியே வந்ததும் கணேசன் எனக்குப் போன் போட்டார். குரலில் அப்படி ஒரு பரவசம்.

"மச்சான், புத்தரு சூப்பரா சொல்லிருக்காரு லா. எதுலயும் ஓவரா போவக் கூடாதாம். அளவோட இருக்கணுமாம். இனிமே நான் அதான்."

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அப்பாடா, மனிதருக்கு ஒரு வழி பிறந்தது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் தன் அண்ணனை நன்றாக அறிந்தவள். துணி மடிப்பதைத் தொடர்ந்தாள்.

அடுத்த முறை பார்த்தபோது கணேசனின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்பு!

எந்தக் கோயிலில் வேண்டுதல் என்று கேட்டேன். வேண்டுதல் இல்லையாம். நடுப்பாதைக்காகக் கட்டியிருக்கிறாராம். புத்தர் பிறந்த நாளான வெசாக் வரைக்கும். கட்டினால்தான் இடையில் விடாமல் இருக்க முடியுமாம்.

விசேஷ நாட்களில் பௌத்தர்களில் சிலர் மத்தியானத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது எப்போதோ ஒரு நாள். கணேசன் அதைத் தினசரி ஆக்கிவிட்டார். போதாக்குறைக்குக் காவடி விரதச் சரக்கையும் சேர்த்துக்கொண்டார் — மத்தியானம் ஒரு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும் மட்டும், தரையில் தூக்கம், வெறுங்கால். வீட்டிலிருந்த சோபாவைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அளவோடு வாழ்வதற்கு சோபா எதற்கு?

உலகத்தில் யாராவது அளவோடு இருப்பதை இப்படி அளவில்லாமல் செய்திருப்பார்களா? எங்கள் குடும்பத்தில் செய்தார்கள்.

ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. சுகர் மாத்திரை. டாக்டர் சொன்னதைக் கேட்க வேண்டும் இல்லையா? வயிற்றில் சோறு இல்லை. மாத்திரை மட்டும் வேளாவேளைக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவர் மனைவி சுமதி எனக்குப் போன் செய்தாள். பாலர் பள்ளியில் ஆசிரியை. சத்தமாகப் பேசியே பழகியவள். அன்றைக்குக் குரல் உள்ளே போயிருந்தது.

"அண்ணே, இவருக்குக் கை நடுங்குது. கேட்டா ஒன்னுமில்லங்குறாரு. சாயங்காலம் அந்தக் கோயிலுக்கு மோட்டார் சைக்கிள்ல போறேங்குறாரு. நீங்க கார எடுத்துட்டு வாரீங்களா? எனக்குப் பயமா இருக்குண்ணே."

குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து போய் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் கணேசன் மிதமான வாழ்க்கையின் மகத்துவத்தை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பின் சீட்டில் சுமதி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குகைக்குள் நல்ல குளிர்ச்சி. ஊதுவத்தி வாசனை. பிக்கு முன்னால் உட்கார, நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னால் உட்கார்ந்தோம். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நானும் கவனித்தேன். முதலில் மூச்சு. அப்புறம் முழங்கால் வலி. அப்புறம், மறைப்பானேன், நாசி கண்டார் கடைச் சோறு. வெறும் நாசி கண்டார் இல்லை, அதில் எந்தக் குழம்பை எதோடு கலக்கச் சொல்வது என்பதுவரை மனம் போய்விட்டது.

ஓரக்கண்ணால் கணேசனைப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குளிரில் மனிதருக்கு வியர்வை கொட்டுகிறது. கை கால் ஆடுகிறது. உதட்டில் இந்த உலகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சிரிப்பு. மெல்லக் கூப்பிட்டால் என்னவோ குழறுகிறார்.

தைப்பூசத்தில் காவடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாம். இதைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? அருள் இறங்கிவிட்டது!

சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டேன். புத்தர் கோயிலில் அருள் வருமா என்ற கேள்விகூட எனக்கு எழவில்லை. என் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டுவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

"அண்ணே, கும்புடாதீங்க. சுகர் எறங்கிடுச்சு."

சுமதி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளே பெட்டிப் பானங்கள், மிட்டாய், குளுக்கோஸ் பொட்டலம். கணவர் விரதம் ஆரம்பித்த நாளிலிருந்து இதையெல்லாம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். 

ஸ்ட்ராவைக் குத்தி அவர் வாயருகே கொண்டுபோனாள். கணேசன் உதட்டை இறுக மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். மணிக்கட்டைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினார். மத்தியானம் தாண்டிவிட்டதாம். விரதம் முறிந்துவிடுமாம்.

பிக்கு எழுந்து வந்து பக்கத்தில் மண்டியிட்டார். சுமதி மலாயில் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். முதலில் குடியுங்கள், ஞானம் பிறகு வரட்டும் என்றார் பிக்கு. அதற்கும் மச்சான் உதடு திறக்கவில்லை. வைராக்கியம்!

சுமதி கத்தவில்லை. பெட்டியைப் பிடித்த கையையும் எடுக்கவில்லை.

"நீங்க பட்டினி கெடந்தாலும் நான் தனியாத்தான் சாப்புடுறேன். விருந்துன்னா கூட்டாளிங்களோட வெளிய போயிடுறீங்க, அப்பவும் தனியாத்தான் சாப்புடுறேன். இப்ப ஒரேயடியா என்னைத் தனியா வுட்டுட்டுப் போவப் போறீங்களா?"

கணேசன் அவளைப் பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. வாயைத் திறந்தார். உறிஞ்சினார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. நேராக கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் முதலில் அவரைத் திட்டினார், அப்புறம் மாத்திரையை மாற்றினார், அப்புறம் இன்னொரு முறை திட்டினார். நான் கும்பிட்டதற்காக என்னை ஒன்றும் சொல்லவில்லை. சுமதி அதை அவரிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து புத்தரின் கதையை ஆற அமர யோசித்துப் பார்த்தேன். நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். அரண்மனையில் அவருக்கு இல்லாத சுகமில்லை. அதை உதறிவிட்டுக் காட்டுக்குப் போய், முதுகெலும்பு வயிற்றில் தட்டுப்படும் அளவுக்குப் பட்டினி கிடந்தார். இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த பால்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் போதி மரம், ஞானம் எல்லாம்.

இதில் நான் இதுவரை கவனிக்காத ஓர் இடம் உண்டு. அவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டதும், கூடவே தவம் செய்துகொண்டிருந்தவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர் தேறமாட்டார், சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுவிட்டார் என்று.

யோசித்துப் பாருங்கள். முழுப் பட்டினி கிடந்தால் கூட ஆள் இருக்கிறது. முழு விருந்து என்றாலும் கூட ஆள் இருக்கிறது. அளவாகச் சாப்பிடுகிறவனுக்கு? கணேசனுக்கும் அதேதான் நடந்தது. விரதத்தைப் பாதியில் விட்டுவிட்டாரே என்று காவடிக் கூட்டாளிகளுக்கு வருத்தம். பீர் குடிக்க வருவதில்லையே என்று மற்றக் கூட்டாளிகளுக்கு வருத்தம்.

காப்பைச் சும்மா அவிழ்த்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. எஸ்டேட் காலத்து முருகன் கோயில் இன்னும் அங்கே இருக்கிறது. அங்கே போய் ஓர் அர்ச்சனை செய்து, மன்னிப்புக் கேட்டு, அவிழ்த்துவிட்டு வந்தார். புத்தருக்காகக் கட்டியதை முருகனிடம் அவிழ்த்ததில் இரண்டு பேருக்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

அழைத்துப் போனது நான்தான். கோயிலிலிருந்து திரும்பும்போது காரில் கணேசன் மனம் விட்டுப் பேசினார்.

"காவடி எடுத்தா மேளம் அடிக்கிறாங்க, ஊரே வேல் வேல்ங்குது. தெனம் ராத்திரி ஒரு அகப்பைச் சோத்தக் கொறைச்சா எவன் மச்சான் பாக்கப் போறான்? அதான் எனக்கு முடியல லா. இது காவடியவிட சூசா."

சூசா என்றால் கஷ்டம். அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. எனக்குப் பளிச்சென்று உறைத்தது. நாமும் அப்படித்தானே? தீபாவளிக்கு எல்லோரையும் அழைத்து விருந்து வைக்கும் 'திறந்த இல்லங்களுக்கு' வீடு வீடாகப் போய் மூக்குப் பிடிக்கத் தின்போம். அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு கசப்பு ஜூஸை மட்டும் குடித்து உயிர் வாழப் போவதாக எல்லோருக்கும் அறிவிப்போம். இரண்டுக்கும் போட்டோ உண்டு. லைக் உண்டு. அரைத் தட்டுச் சோற்றைப் படம் பிடித்துப் போட்டால் யார் சீண்டுவார்கள்?

புத்தர் என்ற சொல்லுக்கே விழித்தவர் என்றுதான் பொருள். விழிப்பு என்றால் தலைக்கு மேல் மின்னல் வெட்டும், உடம்பு ஆடும் என்று நான் நினைத்திருந்தேன் — அதனால்தானே கும்பிட்டேன்! இப்போது அப்படித் தோன்றவில்லை. எதிரில் யார் இருக்கிறார்கள் என்று கண் திறந்து பார்ப்பதும் விழிப்புதான் போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் கணேசன் வீட்டுக்குப் போயிருந்தோம். சோபா இன்னும் திரும்பி வரவில்லை. கொடுத்ததைக் கேட்க அவருக்கு வெட்கம். பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீரை, மீன் குழம்பு, பொரித்த கத்தரிக்காய்.

சுமதி எங்களுக்குப் பரிமாறிவிட்டு அவர் பக்கம் வந்தாள். ஒரு அகப்பை போட்டாள். பழக்கதோஷத்தில் இரண்டாவதை எடுத்தாள். கணேசன் தட்டின் மேல் கையை நீட்டி மறைத்தார்.

"போதும். நீயும் ஒக்காரு."

சுமதி அகப்பையோடு அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது இரண்டே பேச்சுதான். 'இன்னும் போடு' அல்லது 'எனக்கு வேணாம்'. இந்த மூன்றாவது பேச்சுக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கணேசன் நகர்ந்து பாயில் இடம் விட்டார். அவள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞானம் அடைந்தவர் வீட்டில் ஒரு வெளிச்சம் தெரியும் என்பார்கள். தெரிந்தது — சுமதியின் முகத்தில்.