தறி நின்ற நாளில் ஒரு பாட்டு

கரண்ட் போனால் சந்தோஷப்படும் ஒரே ஆளைக் குமாரபாளையத்தில்தான் பார்த்தேன். நான் குடியிருந்த மாடிக்குக் கீழே விசைத்தறி ஓட்டியவர். ஒல்லியான உடம்பு, புருவத்தில் எப்போதும் பஞ்சு. தறியை விட்டு நகர்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

முன்பு மஸ்கட்டில் வேலை பார்த்தபோது அவர் கற்ற பழைய அரபு மீனவர் பாட்டு ஒன்றை, அந்த ஊர்ப் பெண் ஒருத்தியும் எகிப்துக்காரர் ஒருவரும் இவருமாகப் புதிதாகப் பாடி வெளியிட இருந்தார்கள். வாத்தியம் கிடையாது, மூன்று குரல்கள் மட்டும். அவரவர் ஊரிலிருந்து போனில் பதிந்து அனுப்ப வேண்டும். இவர் பங்குதான் பாக்கி. தெரு முழுக்கத் தறிச்சத்தம் என்பதால் மாதாந்திர மின்தடைக்காகக் காத்திருந்தார்.

அன்று தெருவே அடங்கியதும் என் அறைக்கு ஓடி வந்தார். பாடினார், நிறுத்தினார், எழுந்து நடந்தார், மறுபடி பாடினார்.

"தறி ஓடாம தாளம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுங்க."

மணி ஒன்றரை. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்துவிடும் என்று எனக்கே பதைப்பாக இருந்தது.

சட்டென்று என் போனை வாங்கிப் பதிவுக்கு வைத்தார். தறிச்சத்தத்தில் முன்பு கெட்டுப்போன பதிவைத் தன் போனில் ஓடவிட்டு, இயர்போனைக் காதில் செருகினார். கால் ஆட்டம் நின்றது. நிறுத்தாமல் பாடி முடித்தார்.

"உங்க காதுல தறி ஓடுனது அவங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுங்க. அவங்க காதுல என்ன ஓடுதுன்னு நமக்கும் தெரியாதுங்களே."

பாட்டு வெளிவந்தபின் பலமுறை கேட்டுவிட்டேன். மூன்று குரல்களும் இம்மி பிசகாமல் சேர்ந்தே போகின்றன.