உள்பக்கத்துக் கம்பிவலை

அவள் கணவனுக்கு மூக்கு நுனியில் கோபம். வந்துவிட்டால் கையில் கிடைத்தது பறக்கும். பெரும்பாலும் பறந்தது, அவளுடைய அப்பா வாங்கித் தந்த பழைய ரேடியோ. முதல் தடவை உடைந்தபோது உட்கார்ந்து அழுதாள். அடுத்த தடவை ஒட்டினாள். அப்படியே அது தொழிலாகிவிட்டது. அந்தப் புண்ணியவானுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்!

சால்டரிங் இரும்பைச் சூடாக்கி, விரிசலின் உள்பக்கத்தில் கம்பிவலையை அழுத்திப் புதைப்பாள். அதே பிளாஸ்டிக்கைச் சுரண்டி அசிட்டோனில் கரைத்து, அந்தக் கூழை வெளிப்பக்கம் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பாள். பழைய டேப், ரேடியோ வைத்திருப்பவர்கள் தேடி வந்தார்கள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல, "கை தவறி விழுந்துடுச்சும்மா" என்பார்கள். மூலை உடைந்திருந்தால் நம்புவாள். நடுவிலிருந்து விரிசல் நாலாபக்கமும் ஓடியிருந்தால் வீசியெறிந்தது. வாயைத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் ரேடியோ அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. இனி அண்ணன் வீட்டோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் பழக்க தோஷம், புத்தி கெட்டவள், ரேடியோவை ஒட்டித் தேய்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க உடைஞ்சிருக்கு? புத்தம்புதுசா இருக்கு. மாப்பிள்ளையப் பத்தி வாய்க்கு வந்ததப் பேசாத."

திருகுகளைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினாள். வலை மேல் வலை. அண்ணன் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினான். நம்பிவிட்டான்.

"பதினாலு தடவ சரி பண்ணியிருக்க," என்றான். "இன்னொரு தடவ பண்ணா கொறைஞ்சா போயிடுவ? கிளம்பு, நானே கொண்டுபோய் விடறேன்."

அதுவரை கதவோரம் நின்றிருந்த அண்ணி உள்ளே போய், அவர்கள் வீட்டு டேப்பின் மூடியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதையும் எடுத்துட்டுப் போயேன். கை தவறி விழுந்துடுச்சு."

மூலைகள் நான்கும் முழுசாக இருந்தன. விரிசல் நடுவிலிருந்து கிளம்பி ஓடியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி அவளைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய தெரியாம ஒட்டிக் குடு," என்றான் அண்ணன், வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே.

மூடியை வாங்கி ரேடியோவோடு பையில் வைத்துக்கொண்டு, அவள் அவன் பின்னால் நடந்தாள்.